தானியங்கியார்

பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஒருவரிடம் "மணி என்ன சார்?" என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண மனிதராக இருந்தால் "ஒன்பதேகால்" என்பார்; விஷயம் முடிந்தது. அவர் முகம் மலர்ந்து, முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, இடது மணிக்கட்டை உங்கள் மூக்குக்கு நேரே நீட்டி, "ஆட்டோமேட்டிக்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால், நீங்கள் தானியங்கியாரிடம் மாட்டிக்கொண்டீர்கள் என்று அர்த்தம். அடுத்த கால் மணி நேரத்தில் உங்களுக்கு இருபத்துநாலு கல் தெரிந்துவிடும், மணிக்கு 21,600 துடிப்பு தெரிந்துவிடும், முதுகுப்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே சுற்றும் அரைவட்டத் தகடும் தெரிந்துவிடும். மணி மட்டும் தெரியாது. பஸ்ஸும் போயிருக்கும்.

பெரிய இடத்துக் கடிகாரக்காரர்களோடு இவரைச் சேர்த்துவிடக் கூடாது. ஒரு காரின் விலையைக் கையில் கட்டிக்கொண்டு போகிறவர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. தானியங்கியாரின் பெருமை வேறு வகை. இவ்வளவு கொஞ்சமாகக் கொடுத்து இவ்வளவு வாங்கிவிட்டேனே என்பதுதான் அது. அதனால், "என்ன விலை இருக்கும், சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்பார். ஜாக்கிரதை, இது பொறி. ஐயாயிரம் என்றால் அன்று முழுக்க மனிதர் சாப்பிட மாட்டார். சரியான விலையைச் சொல்லிவிட்டால் அதைவிட மோசம். சொல்லி மகிழ அவருக்கு ஒன்றுமே மிச்சமிருக்காது. கண்ணை அகல விரித்து, "ஒரு அம்பதாயிரம் இருக்குமா?" என்று கேட்க வேண்டும். "பதினோராயிரம்!" என்பார். அந்த ஒரு நொடிக்காகத்தான் அந்தப் பதினோராயிரமும்.

நோய் பெரும்பாலும் பரம்பரை வழியாக வருகிறது. வளைகுடாவில் வேலை பார்த்த மாமா ஒருவர் எண்பதுகளில் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த சீக்கோ 5தான் கிருமி. பெட்டியில் ஃபாரின் சென்ட், டேப் ரிக்கார்டர், கோடாலித் தைலம் எல்லாம் இருந்தன. எல்லாம் தீர்ந்தும் உடைந்தும் போயின. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று மணி இருக்கும் இடத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதில் தேதியும் கிழமையும். கிழமை ஆங்கிலத்திலும் வரும், அரபியிலும் வரும். அந்த அரபி எழுத்தைப் பார்த்து, தங்கள் மாமா ஏதோ ஷேக்கின் கையிலிருந்தே கழற்றி வாங்கி வந்துவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்த பையன்தான் இன்றைய தானியங்கியார்.

"அந்த அஞ்சு எதுக்கு தெரியுமா சார்?" என்று ஆரம்பித்தால் ஐந்து விரலையும் மடக்காமல் விட மாட்டார். 1963இல் ஜப்பானில் சீக்கோ நிறுவனம் இந்த வரிசையைக் கொண்டுவந்தபோது ஐந்து உறுதி கொடுத்தது: தானாகச் சாவி ஏறும், தேதியும் கிழமையும் ஒரே ஜன்னலில் தெரியும், தண்ணீரைத் தாங்கும், திருகு உறுத்தாமல் நாலு மணிப் பக்கம் ஒதுங்கியிருக்கும், கூடும் செயினும் உழைக்கும். சொல்லி முடிக்கும்போது நீட்டிய கை மடங்கிய கையாகி, கடிகாரம் மறுபடி உங்கள் மூக்குக்கு நேரே வந்திருக்கும்.

சொந்தமாக ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்த பிறகு அவர் செய்த ஆராய்ச்சியைக் கல்லூரியில் செய்திருந்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் இருந்திருக்கும். உள்ளே இருக்கும் இயந்திரம் சீக்கோவின் என்எச்35ஆ, மியோட்டாவின் 8215ஆ என்பதில் வீடே இரண்டு பட்டது. அதாவது, அவர் ஒரு பக்கமும் மற்ற எல்லாரும் தூக்கத்திலும். 8215இன் தகடு ஒரு திசையில் சுற்றும்போதுதான் சாவி ஏற்றும், மறு திசையில் சும்மா விர்ரென்று ஓடும் என்று அவர் இரவு பதினொரு மணிக்கு மனைவிக்கு விளக்கினார். "அது பரவாயில்லையே, ஒரு திசையிலயாவது வேலை செய்யுது" என்று பதில் வந்தது.

கடைக்குப் போனதும் விற்பனைப் பெண்ணிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "இது ஹேக் ஆகுமாம்மா?"

அந்தப் பெண் பதறிவிட்டது. "ஐயோ, அதெல்லாம் ஆகாது சார். ஒரிஜினல் பீஸ். கம்பெனி வாரன்டி இருக்கு."

திருகை வெளியே இழுத்தால் நொடிமுள் அப்படியே நிற்க வேண்டும், அதற்குத்தான் அந்தப் பெயர் என்று அவர் சொல்லித்தர, திருகை இழுக்க, முள் நிற்க, அந்தப் பெண் அதைவிடப் பதறி மேனேஜரைக் கூப்பிட்டது. மேனேஜர் வந்து, "சார், பேட்டரி மாத்தித் தர்றோம்" என்றார். தானியங்கியார் தன் வாழ்நாளில் மிக இன்பமாகச் சிரித்த நாள் அது.

வீட்டில் முதல் திறப்பு விழாவுக்கு மாமியார் தலைமை தாங்கினார். "இதுல இருபத்துநாலு கல்லு இருக்கு அத்தை" என்றார் மருமகன். மாமியார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இருபத்துநாலா மாப்பிள்ளே? ஏழு கல் தோடு ஒரு ஜோடிக்குப் பதினாலு போனாலும் மூக்குத்திக்குக் கல் மிச்சமிருக்குமே!" அவை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய செயற்கை மாணிக்கங்கள் என்றும், சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்காகத் துளையிட்டு வைத்தவை என்றும், மொத்தமாகப் பிடுங்கி விற்றாலும் ஒரு டீ குடிக்கத் தேறாது என்றும் விளக்கம் சொன்னார். மாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அதோடு அந்தக் கடிகாரத்தின் மீது அவருக்கு இருந்த மரியாதையும் கழன்றுவிட்டது.

இனி, இயக்கம். உள்ளே ஒரு வில். அது சுருண்டு மெல்ல அவிழ்வதில்தான் எல்லா முள்ளும் நகர்கின்றன. பழைய காலத்தில் காலையில் எழுந்ததும் சாவி கொடுப்பார்கள். ஆட்டோமேட்டிக்கில் கை அசையும்போது தகடு சுற்றி, அதுவே வில்லைச் சுருட்டிக்கொள்ளும். ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் இதற்கு 1924இல் ஸ்விட்சர்லாந்தில் காப்புரிமை வாங்கினார். சாவித் திருகு வழியாகத் தூசியும் ஈரமும் உள்ளே போகின்றன, அந்தத் திருகே வேண்டாம் என்பது அவர் யோசனை. மனிதனுக்கு ஒரு வேலை குறையட்டும் என்று வந்த பொருள் அது. தானியங்கியாருக்கு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது.

காரணம், கடிகாரம் இருப்பது இடது கை. அவர் செய்யும் வேலையெல்லாம் வலது கை. அலுவலகத்தில் இடது கை மேஜை மேல் நாள் முழுக்கச் சும்மா கிடக்கிறது. ஆகவே இடது கைக்கு அவர் வேலை தேடித்தர ஆரம்பித்தார். காபியை இடது கையால் ஆற்றுகிறார். கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால் இடது கையால் காற்றில் வட்டம் போட்டுப் பதில் சொல்கிறார். மேலதிகாரி அதைத் தன்னம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டர் தலையால் அடித்துக்கொண்டபோது நடக்காத மனிதர், இப்போது விடியற்காலை ஐந்தரைக்குக் கடற்கரையில். குடை, தண்ணீர் பாட்டில், கைப்பேசி மூன்றும் வலது கையில். இடது கை மட்டும் குடியரசு தின அணிவகுப்பில் வீசுகிறது. அதனால் சர்க்கரை குறைந்தது உண்மை. "கடிகாரம் எப்படி இருக்கு?" என்று இப்போது டாக்டரே முதலில் கேட்கிறார்.

மாமாவின் பழைய பாணிக் கடிகாரம் ஒன்றையும் தேடிப் பிடித்து வாங்கினார். அதிலுள்ள 7எஸ்26 என்ற இயந்திரத்துக்குத் திருகைச் சுற்றிச் சாவி கொடுக்கும் வழியே கிடையாது. நின்றுபோனால் குலுக்கித்தான் எழுப்ப வேண்டும். தினமும் காலையில் ஹாலின் நடுவே நின்று, கண்ணை மூடி, மணிக்கட்டைப் பக்கவாட்டில் ஆட்டுவார். முதல் நாள் பார்த்த அவர் அம்மா, "கை மரத்துப்போச்சாடா?" என்று தேங்காய் எண்ணெயோடு ஓடிவந்தார்.

சரி, இவ்வளவு செய்தும் சரியான நேரமாவது காட்டுகிறதா? இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்பது அவர் மகன். மகன் கையில் ஆயிரத்துச் சொச்ச ரூபாய் காசியோ. 1989இல் வந்த எஃப்-91டபிள்யூ. மாதத்துக்கு முப்பது விநாடிக்கு மேல் தப்பாது என்பது அதன் கணக்கு. அப்பாவுடைய புதுக் கடிகாரத்தின் 4ஆர்36 இயந்திரத்துக்கு, ஒரு நாளைக்கே 45 விநாடி முந்தலாம், 35 விநாடி பிந்தலாம் என்று நிறுவனமே சலுகை கொடுத்திருக்கிறது.

"அப்பா, உங்க வாட்ச் எவ்வளவு ஃபாஸ்ட்?"

"ஒரு நாளைக்கு வெறும் இருபத்தஞ்சு செகண்டு."

"அப்ப மாசத்துக்குப் பன்னிரண்டரை நிமிஷம்."

தானியங்கியார் அசரவில்லை. "ஒரு நாளைக்கு 86,400 செகண்டு. அதுல இருபத்தஞ்சு தப்பு. அப்படின்னா 99.97 சதவீதம் சரி. நீ மேத்ஸ்ல எவ்வளவு?"

மகன் அறைக்குள் போய்விட்டான். வீட்டு விவாதங்களில் தானியங்கியார் வென்றது இந்த ஒன்றில்தான். அதனால் வருகிற விருந்தாளிக்கெல்லாம் இதைச் சொல்லி, மகனையும் கூப்பிட்டு நிறுத்துகிறார்.

குவார்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் சுருங்கும். அதைச் செய்தது வேறு யாராவது என்றால் திட்டிவிடலாம். 1969 டிசம்பர் 25 அன்று உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தது அவருடைய குலதெய்வமான அதே சீக்கோதான். ஆஸ்ட்ரான் என்று பெயர், விலை 4,50,000 யென். அன்று அதற்கு ஒரு கார் வாங்கலாம். இன்று அதே தொழில்நுட்பம், நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தோடு, சைக்கிள் கடைக்குப் பக்கத்துக் கடையில் இருநூறு ரூபாய்க்குத் தொங்குகிறது. அதுவும் இவருடையதைவிடச் சரியாகவே ஓடுகிறது. இந்தத் துயரத்தை அவர் வெளியில் சொல்வதில்லை. "அதுல உயிர் இல்லை சார்" என்று மட்டும் சொல்வார்.

உயிர் இருப்பதால் வரும் தொல்லைகளும் உண்டு. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கழற்றி வைத்தால், நாற்பத்தோரு மணி நேர இருப்பு தீர்ந்து ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு நின்றுவிடும். திங்கட்கிழமை காலை அதை நிகழ்காலத்துக்கு அழைத்துவர வேண்டும். அது ஒரு சடங்கு. கடிகாரம் காட்டும் இரண்டு பகல் இரண்டா, இரவு இரண்டா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முள்ளைச் சுற்றித் தேதி மாறுகிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை நான்கு வரை முள் நிற்கும்போது திருகிலிருந்து தேதியை மாற்றினால் உள்ளே பல் உடையும். ஆகவே முள்ளை ஆறுக்குக் கொண்டுவந்து, பிறகு கிழமையைத் திருப்ப, ஆங்கிலத் திங்கள் கண்ணில் படாமல் தாண்டிப்போய் அரபித் திங்கள் வந்து நிற்கும். இன்னும் ஒரு சுற்று. இதற்கிடையே திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம், நின்றுபோனதை அந்த நேரத்தில் ஓட விடாதே என்று அம்மா. எட்டரைக்கு அலுவலகம் கிளம்ப வேண்டியவர் ஏழேகாலுக்குள் குளித்துவிட்டு உட்காருகிறார். சரியான நேரத்தை எதைப் பார்த்து வைக்கிறார் என்றால், கைப்பேசியைப் பார்த்துத்தான்.

எல்லா மாதத்துக்கும் முப்பத்தொரு நாள் என்பது இந்தக் கடிகாரத்தின் நம்பிக்கை. அதைத் திருத்த வருடத்துக்கு ஐந்து முறை, மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் ஒன்றாம் தேதிகளில், இன்னொரு சடங்கு உண்டு. மற்றவர்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம். இவருக்குத் திருகு.

அடுத்தது காந்தம். உள்ளே முடியளவு மெல்லிய சுருள்வில் ஒன்று சுருங்கி விரிந்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. காந்தம் பட்டால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வில்லின் நீளம் குறைந்ததாகி, கடிகாரம் தலைதெறிக்க ஓடும். இது தெரிந்த நாள் முதல் வீட்டில் காந்தக் கெடுபிடி. ஃப்ரிட்ஜ் கதவை வலது கையால்தான் திறக்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு பக்கம் அவர் எட்டிப் பார்ப்பதில்லை. ("இதுக்கு முன்னாடி மட்டும் எட்டிப் பாத்தாரா?" என்பது மனைவியின் கேள்வி.) காந்தம் எடுக்க நீல நிறத்தில் ஒரு சின்னப் பெட்டியும் வாங்கி வைத்திருக்கிறார். பொத்தானை அழுத்தி, கடிகாரத்தை அதன் மேல் வைத்து, மெல்ல உயர்த்தி, தூரமாக விலக்கிக்கொண்டு போவார். குழந்தைக்குத் திருஷ்டி கழித்து முச்சந்திக்குப் போகும் பாட்டியின் அதே முகபாவம். இரவில் கடிகாரம் எந்தப் பக்கமாகப் படுக்கிறது என்பதும் முக்கியம். மல்லாந்து படுத்தால் கொஞ்சம் முந்தும், ஒருக்களித்தால் கொஞ்சம் பிந்தும். "நேத்து எட்டு செகண்டு ஓடிட்டா. இன்னிக்கு ஒருக்களிச்சுப் படுக்கட்டும்" என்று அவர் சொன்னதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் யாரைப் பற்றியோ என்று திடுக்கிட்டார்.

ஒன்றோடு நிற்பவர் தானியங்கியார் அல்ல. பெரியது ஒன்று வாங்கக் காசில்லை என்று சின்னது ஒன்பது வாங்கியவர் அவர். முக்குளிப்போர் கட்டும் கடிகாரம் ஒன்று. அவர் அதிகபட்சம் இறங்கியது குற்றாலத்தில், அதுவும் கழற்றிக் கொடுத்துவிட்டு. விமானிகளுக்கான முகப்போடு ஒன்று. பிறகு நாட்டுப்பற்று வந்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கி, கல்யாண மாப்பிள்ளைகளின் கையையெல்லாம் பிடித்து, கடைசியில் 2016இல் மூடப்பட்ட எச்எம்டியை நினைத்து உருகி, பழைய ஜனதா ஒன்று வாங்கினார். அது கையால் சாவி கொடுக்கும் ரகம் என்றாலும் பாசத்தில் விதிவிலக்கு. தபாலில் வந்ததைப் பிரித்தால் மயில் கழுத்து நிறத்தில் முகப்பு. எச்எம்டி கனவிலும் அடிக்காத வர்ணம். யாரோ புண்ணியவான் வீட்டில் அடித்தது. இந்தப் பக்கம் ஓசூரில், டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், எச்எம்டி ஆண்ட சந்தையைக் குவார்ட்ஸைக் கொண்டு அடித்தது. அதே டைட்டன் இப்போது ஆட்டோமேட்டிக்கும் விற்கிறது. "பாத்தீங்களா, திருந்திட்டாங்க" என்று அதிலும் ஒன்று வாங்கிவிட்டார்.

ஒன்பது கடிகாரத்துக்குக் கை ஒன்றுதான். மீதி எட்டும் நின்றுவிடுகின்றன. அதற்கும் வழி கண்டுபிடித்தார். கடிகாரத்தை வைத்துச் சுழற்றிக்கொண்டே இருக்கும் மோட்டார் பெட்டி. மின்சாரத்தில் ஓடுகிறது. பேட்டரியே வேண்டாத கடிகாரத்தை ஓட வைக்கக் கரண்ட் பில் கட்டும் முதல் குடும்பம் அவர்களுடையது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஒரு ஃபேன், ஒரு லைட், அந்தப் பெட்டி. மனைவி இதைப் பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "பேட்டரி வேண்டாம்னுதான் வாங்கினாரு, என் பேட்டரியைத்தான் எடுக்குது."

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு வேலை பார்க்கும் பெரியவரிடம் ஒரு நாள் போனார்.

"ஐயா, இதைச் சர்வீஸ் பண்ணணும்."

"ஓடுதா தம்பி?"

"ஓடுது."

"நேரம் தப்பா காட்டுதா?"

"இருபத்தஞ்சு செகண்டு ஃபாஸ்ட்."

பெரியவர் லென்ஸைக் கழற்றிவிட்டு, கடிகாரத்தைப் பார்க்காமல் தானியங்கியாரைப் பார்த்தார். "நமக்கு எங்கயாவது இருபத்தஞ்சு செகண்டுல ரயில் போயிடுதா? ஓடுறவரைக்கும் ஓடட்டும். முழுசாப் பிரிச்சு ஆயில் போட்டா ஆகுற கூலிக்கு உள்ள புது மிஷினே போட்டுக்கலாம் தம்பி." சொல்லிவிட்டு மறுபடி லென்ஸைச் செருகிக்கொண்டார். அவர் கையில் கட்டியிருந்தது குவார்ட்ஸ். இதைத் தானியங்கியார் கவனித்தார், யாரிடமும் சொல்லவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்று அவரிடம் நேராகக் கேட்டால் கைத்திறன், பாரம்பரியம், பல்சக்கரம் என்று எங்கெங்கோ போவார். உண்மை அவர் வீட்டிலும் ஆபீசிலும் இருக்கிறது. கைப்பேசி நேரத்தை எங்கிருந்தோ வாங்கிக்கொள்கிறது. அதற்கு இவர் வேண்டாம். அலுவலகம் இவர் பத்து நாள் லீவு போட்டபோதும் ஓடியது. திரும்பி வந்து பார்த்தார், யாரும் கவனிக்கவே இல்லை. மகன் வளர்ந்துவிட்டான். காபி பொடி தீர்ந்தால் கடையிலிருந்து பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது, இவரை அனுப்ப வேண்டியதில்லை. இரண்டு நாள் இவர் கை அசையாவிட்டால் நின்றுபோகிற ஒரே பொருள் உலகத்தில் இதுதான். பதினோராயிரம் அதற்கு அதிக விலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது முறை கொடுத்ததுதான் கொஞ்சம் அதிகம்.

பெண் வைத்திருக்கும் பெற்றோர் சிலர் கேட்கலாம்: இந்த ரகத்துப் பையன் ஜாதகம் வந்திருக்கிறது, கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். குடி, சீட்டு, சிகரெட் எதற்கும் அவன் கையில் பணம் தங்காது. பொறுமைசாலி, நின்றுபோனதைத் திட்டாமல் குலுக்கி எழுப்புகிறவன். வாரம் ஒரு முறை தவறாமல் சீக்கிரம் குளிப்பான். தினமும் நடப்பதால் சர்க்கரை வராது. ஒன்றாம் தேதியை மறக்கவே மாட்டான், அதில் ஐந்தையாவது. கல்யாணத்துக்கு அவனுக்குக் கடிகாரம் மட்டும் போட்டுவிடாதீர்கள், பத்தாவதாகிவிடும். தாலி கட்டும் நேரத்தில் ஐயர் "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டால், மாப்பிள்ளை சட்டென்று கையை நீட்டாதபடி பக்கத்தில் ஒரு மைத்துனனை நிறுத்தி வையுங்கள். நீட்டிவிட்டால் ஐயருக்கும் அந்த ஐந்து உறுதிகளைச் சொல்லி முடிக்காமல் விட மாட்டான், முகூர்த்தம் தாண்டிவிடும்.